மீனுக்கு ஆளுக்கொரு நுள்ளு

மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்டமே, பிளாஸ்டிக் கானை நிலத்தில வைச்சு அதுக்கு மேல செருப்பை வைச்சு இடம் பிடிச்ச காலம், அது முடிஞ்சு அடுத்த மாரிக்குத்தான் என்ர மனிசி கிணத்தடியில வழுக்கி விழுந்தவ.

அந்த வரிசையையும் சொல்லவேணும். எனக்கு முன்னால நிண்டவர் திரும்பினார். பார்த்தா, இளந்தாரிக் காலத்தில என்னோட சேர்ந்து, கண்ணாடித் தொட்டியில வளர்க்கிற மீன் பிடிக்கக் கடலுக்கடியில சுழியோடின கிண்ணியா ஊர்க்காரன். தாடி முழுக்க வெள்ளை.

"மச்சான், நீ இன்னும் உயிரோடயா இருக்காய்?"

"மண்ணெண்ணெய் வாங்காமச் சாகிறேல்ல எண்டு இருக்கிறன்" எண்டன்.

அவர் இப்ப டவுனில வளர்ப்பு மீன் கடை வைச்சிருக்கிறார் எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். அந்த வரிசையில நான் நிண்டது வீண்போகேல்ல. ஏன் எண்டு பிறகு விளங்கும்.

மனிசிக்கு இடுப்பெலும்பு வெடிச்சுப்போச்சு. ஒப்பரேசன் செய்து வீட்ட கொண்டுவந்தம். நடக்கப் பழகாட்டி இனி நடக்கேலாது எண்டு டொக்டர் சொல்லிவிட்டவர். இவ எழும்பவே மனம் வைக்கேல்ல. சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டா. முந்தி அவவின்ர வாய்க்குப் பயந்துதான் நான் கடலுக்குள்ளயே கிடக்கிறன் எண்டு ஆக்கள் பகிடி பண்ணுறவை. அந்த வாய் மூடிப்போச்சு.

மகளும் மருமகனும் எங்களோடதான். மருமகன்தான் யோசிச்சு, கண்ணாடித் தொட்டி ஒண்டு செய்து அவவின்ர கட்டிலுக்கு நேர வைச்சார். உப்புத்தண்ணித் தொட்டி. உள்ள செயற்கைக் கல்லு, செம்மஞ்சளில வெள்ளைக் கோடு போட்ட குட்டி மீன் ரெண்டு, உயிரோட இருக்கிற பவள முருகை ஒண்டு. முருகை வளர்க்கிற இடத்தில முறையா வாங்கினது. கடலில கிள்ளினாப் பொலிஸ் பிடிக்கும். பிடிக்கவும்தான் வேணும், நாங்கள் அந்தக் காலத்தில காலால மிதிச்சு உடைச்சது கொஞ்சமில்லை. அந்த முருகை விரல் விரலா விரிஞ்சு தண்ணியில ஆடும்.

மூண்டாம் நாள் குரல் கேட்டுது. "இஞ்சருங்கோ, உந்தச் சின்னன் மற்றதைத் துரத்துது. உங்களை மாதிரி ஒரு சண்டைக்காரன்." நான் குசினிக்குள்ள போய் அழுதிட்டன். பின்னேரம் தலகணி வைச்சு எழும்பி இருந்தா.

ஒரு மாசத்துக்குள்ள கல்லில மண்ணிறத் தூள் படிஞ்சுது. புதுத் தொட்டியில அது வரும், தானாப் போகும் எண்டார் மருமகன். போச்சு. பிறகு வந்தது பச்சை. தலைமயிர் மாதிரி நீட்டு நீட்டாப் பாசி. கண்ணாடியை மூடி, கல்லை மூடி, முருகையிலயும் ஏறிச்சுது. முருகை சுருங்கி ஒரு மொட்டைக் கட்டையாப் போச்சு. நான் பிடுங்கினன், தேய்ச்சன், நாலு நாளில திரும்ப வந்திட்டுது. ஒருநாள் காலமை பார்க்கிறன், மனிசி பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. அண்டைக்கு எனக்கும் சோறு இறங்கேல்ல.

தொட்டித் தண்ணியில ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு சைக்கிளில கிண்ணியாக்காரனிட்ட போனன். அவர் சின்னக் குழாயில கொஞ்சம் ஊத்தி, மருந்துத் துளி விட்டு, குலுக்கி வைச்சார். தண்ணியில அழுக்குக் கூடினா நிறம் ஏறுமாம். கொஞ்சத்தில சிவந்துபோச்சு.

"இது தண்ணி இல்ல மச்சான், நோன்பு திறக்கிற சர்பத். நான் வந்து பாக்கணும்."

வந்தார். கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சார். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி மனிசியைப் பார்க்க வந்தவ, போகேக்க மீன் சாப்பாட்டு ரின்னைத் திறந்து விரல் நுனியால அள்ளி ஒரு நுள்ளுப் போட்டிட்டுப் போனா. பிறகு பால்காரர் வந்தார், அவரும் ஒரு நுள்ளு. பிறகு மனிசியின்ர தங்கச்சி, ரெண்டு நுள்ளு. கிண்ணியாக்காரன் கோப்பையை வைச்சிட்டார்.

"நீ எத்தின தரம் போடுறாய்?"

"காலமையும் பின்னேரமும்."

கட்டிலில கிடந்த என்ர மனிசியின்ர பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்களுமா?"

சுவரைப் பார்த்தபடியே பதில் வந்தது. "மகளிட்டைச் சொல்லி பிஸ்கட் கொஞ்சம் போடுவிக்கிறனான். அதுகள் என்னைத்தானே வாயைப் பிளந்து பார்க்குதுகள்."

அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "உள்ள ரெண்டு மீன். ஊரே சோறு போடுது! மிச்சம் அழுகுது, அது பாசிக்குப் பசளை. நீ மீன் வளர்க்கல்ல மச்சான், பாசிதான் வளர்க்காய்."

சனத்திலயும் பிழையில்லை. நோயாளியைப் பார்க்க வாறவை கொண்டுவாறதை இவ வாயில வைக்கிறேல்ல. மனம் கேக்காமல் மீனுக்காவது ஒரு நுள்ளுப் போட்டிட்டுப் போயிருக்கினம்.

அவர் சொன்ன வேலை பெரிசில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு நுள்ளு. தொட்டி லைற் பாதி நாள் போதும். கிழமைக்கு ஒருக்கா ஒரு வாளி எடுத்து ஒரு வாளி ஊத்தவேணும். அதுவும் துறையடித் தண்ணி ஏலாது, மழைக்கு ஆத்து ஊத்தை வந்து கலக்கும், வெளிக்கடல் தண்ணி வேணும். தன்ர கடையிலயிருந்து பாசி தின்னுற நத்தை அஞ்சாறு கொண்டுவந்து விட்டார். கடைசியா அந்த ரின்னை எடுத்து மனிசியின்ர கையில வைச்சார். "இனி நீங்கதான் போடணும் தங்கச்சி. ஒருத்தருக்கும் குடுக்காதீங்க."

ரின் தலகணிக்குக் கீழ போச்சு. ஆனால் தொட்டி மூண்டடி தள்ளி. முதல் நாள், ஆஸ்பத்திரியில தந்த நாலுகால் நடைக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, என்னை ஏசிக்கொண்டு, அந்த மூண்டடியையும் வைச்சா. ஒருநாள் விட்டு ஒருநாள் அப்பிடியே. ஆர் ரின்னைக் கேட்டாலும் சண்டை. வாய் திரும்ப வந்திட்டுது.

கிழமைக்குக் கிழமை தண்ணியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க, சர்பத் நிறம் வெளிறிச்சுது. நத்தை போன இடமெல்லாம் கண்ணாடியில கோடு கோடாத் தெளிவு. ஒருநாள் நான் கடலில வாளி நிரப்பிக்கொண்டு வாறன், அவ கம்பியும் பிடிக்காமல் தொட்டியடியில நிக்கிறா. "சத்தம் போடாதேங்கோ. முருகை விரிஞ்சிட்டுது." ஒரு விரல், பிறகு மற்ற விரல். நான் வாளியை இறக்கவும் மறந்து நிண்டனான்.

கிண்ணியாக்காரன் காசு ஒண்டும் வாங்கமாட்டன் எண்டிட்டார். இவ தன்ர கையால காய்ச்சின கணவாய்க் கறியை மட்டும் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர். மருமகனும் அவரும் இந்தச் சனமும் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்? ஒரு நுள்ளுப் போட்டவை எல்லாரும் அவவுக்காகத்தானே போட்டவை. அதை நான் மறக்கமாட்டன்.

இவவைப் பார்க்க வந்த நீங்களும் போற வழியில காணுறவையிட்டைச் சொல்லிவிடுங்கோ. அவ எழும்பி நடக்கிறா, வந்து பாருங்கோ, இருந்து கதையுங்கோ. கொண்டுவாறதை இப்ப அவவே சாப்பிடுவா. மீனுக்கு மட்டும் ஒருத்தரும் போடவேண்டாம், அதுகள் சாப்பிட்டிட்டுதுகள் எண்டு சொல்லுங்கோ.