சிவப்பு மூடியும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவர் மூடிதான். கப்பலில் மூடி, குடியிருப்பில் மூடி. மாமியார்கூட "மூடி மாப்பிள்ளை வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். மனைவிக்கு மட்டும் அதில் வயிற்றெரிச்சல். "ஊரே மூடின்னு கூப்பிடுது. வீட்ல ஒரு டப்பாவையாவது இந்த மனுஷன் மூடி வச்சிருப்பாரா?" என்பாள்.

வேலை கடற்படையில். விமானம் தாங்கிக் கப்பலில் கேமரா ஃபிட்டர். அந்தக் கப்பலின் ஜெட் விமானங்கள் ஓடி வந்து இறங்குகிறவை அல்ல. தளத்துக்கு மேலே வந்து அந்தரத்தில் நின்று, கோழி முட்டைமேல் உட்காருவதுபோல் நேராக இறங்கும். கோழிக்கு இருக்கிற அமைதி மட்டும் அதற்குக் கிடையாது. காது பிளந்துவிடும். மூக்கின் இடது பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் கேமரா. பார்க்க வேண்டியதை இடது கைப்பக்கம் வைத்துப் பறப்பது விமானியின் பாடு. கண்ணாடியைச் சுத்தமாக வைப்பதும், ஃபிலிம் பெட்டியை மாட்டிக் கழற்றுவதும், வந்த ஃபிலிமைக் கழுவிக் காயவைப்பதும் மூடியின் பாடு.

விமானம் இறங்கும்போது கிளம்புகிற காற்று கடல்தண்ணீரை வாரி அதன் முகத்திலேயே அடிக்கும். உப்பு காய்ந்தால் கண்ணாடி சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி, மெல்லிய தோலால் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து, சிவப்பு ரப்பர் மூடியை மாட்டிவிட வேண்டும். பறப்பதற்கு முன் கழற்ற வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் இவர் கழற்ற மறந்துபோனார். விமானம் ஒரு தீவையே சுற்றிப் படமெடுத்துக்கொண்டு வந்தது. கழுவிப் பார்த்தால் ஃபிலிம் முழுக்க வெறும் கண்ணாடித்தாள்.

அன்று பறந்தவர் நெட்டை. உயரத்துக்காக வந்த பெயர். விமானத்துக்குள் அவரை மடித்துத்தான் வைக்க வேண்டும் என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். வேறு விமானியாக இருந்தால் இவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார். நெட்டை சிரித்தார்.

"யோவ் மூடி, அந்தத் தீவுல எல்லாரும் கரண்ட் கட்டுல இருந்தாங்கன்னு எழுதிடட்டுமா?"

பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான். தண்டனையும் கிடைத்தது, விடுப்பு போயிற்று. ஆனால் அதிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வழக்கம் உண்டானது. நெட்டை கிளம்புகிற நேரத்தில் மூடி அந்தச் சிவப்பு மூடியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். அதைக் கண்ணால் பார்க்காமல் நெட்டை கட்டை விரலை உயர்த்த மாட்டார். பின்னால் மற்ற விமானிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். விமானம் திரும்பி வரும்வரை அந்த ரப்பர் மூடி இவர் சட்டைப்பையில் இருக்கும். வந்ததும் அதன் இடத்துக்குப் போய்விடும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண்கள் பிறந்தார்கள், தலை நரைத்தது. ஒரு பகலில் நெட்டையின் விமானம் திரும்பி வரவில்லை.

கப்பலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார். குதிக்கப்போகிறேன் என்றார். அப்புறம் சத்தம் இல்லை. கூடப் பறந்த இளைய விமானி அந்தக் கடல்மேல் திரும்பத் திரும்பப் பறந்து, படமெடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். மூடி ஃபிலிம் பெட்டியைக் கழற்றி முடிக்கும்வரை அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

"சீக்கிரம்ணே. கெஞ்சிக் கேக்குறேன், சீக்கிரம்."

ஃபிலிம் தானாகக் காய விடுவதுதான் முறை. மூடி அன்று மின்விசிறியைத் திருப்பி வைத்துக் காயவைத்தார். அரைகுறையாகக் காய்ந்ததுமே பிரதி எடுத்தார்கள். ஒரு படத்தில், கறுத்துக் கிடந்த கடல் நடுவே, வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. விமானிகள் குதித்தால் ஊதிக்கொள்கிற ஒற்றை ஆள் படகும் வட்டம்தான். அறையில் கத்தினார்கள், கட்டிப்பிடித்தார்கள். இளைய விமானி மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.

படங்களைப் படிக்கிற அதிகாரி மட்டும் பூதக்கண்ணாடியை விட்டு நிமிரவில்லை. அடுத்த படத்தில் அதே இடம் வெயில் பட்டு வெளுத்துப் போயிருந்தது. ஒத்துப் பார்க்க வழியில்லை. கடலோட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஆள் வடக்கே போயிருக்க வேண்டும். புள்ளி இருந்ததோ தெற்கே. கப்பல் ஒரு பக்கம்தான் போக முடியும்.

"மூடி, நீதானே காயவச்ச? இது படகா, இல்ல உன் வேலையில விழுந்த கறையா?" என்று அவர் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை. அவருக்கும் அது படகாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை.

மூடி ஃபிலிமை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தார். பின்புறத்தில் மீன்செதில் மாதிரி ஒன்று மினுங்கியது. துடைக்காமல் விட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்த தடம். தெரியலை சார் என்று சொல்லியிருக்கலாம். அந்த அறையில் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"அவர் இல்ல சார். என்னோட தண்ணிச் சொட்டு."

இளைய விமானி எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். "ஒரு தடவை குருடாக்கி அனுப்பினது பத்தாதா உனக்கு?" மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். கப்பல் வடக்கே திரும்பியது. தேடித் தேடிப் பார்த்தார்கள். கடல் ஒரு நூலைக்கூடத் திருப்பித் தரவில்லை.

விடுப்பில் வீட்டுக்கு வந்த மூடி சாப்பிடுவதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டார். சிவப்பு மூடி சட்டைப்பையிலேயே கிடந்தது. ஒரு நாள் செய்தி வந்தது. நெட்டையின் மனைவி பார்க்க வேண்டும் என்கிறாராம். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை இளைய விமானி அவரிடம் கொடுத்துவிட்டாராம்.

"நான் எப்படிப் போறது? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?"

"இருக்கிற மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான். போகாம இருந்தா நீங்க சொன்னது பொய்னு ஆயிடும். போய்ட்டு வாங்க," என்று மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

நெட்டையின் வீடு மாடியில். கூடத்துச் சுவரில் அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. சுற்றிலும் கறுப்புக் கடல், நடுவில் புள்ளி. அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்ணே. இதுல இருக்கிறது அவரா?"

"இல்லம்மா."

"எல்லாரும் அவர்தான்னு சொன்னாங்களாம். நீங்க ஒருத்தர் மட்டும் இல்லைன்னு சொன்னீங்களாமே."

வாயால் சொல்லி இது தீராது என்று மூடிக்குப் புரிந்தது. படத்தை இறக்கித் தரச் சொன்னார். சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடியை மட்டும் எடுத்தார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். குழாயிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை விரல்நுனியில் எடுத்து அதன் நடுவில் வைத்து, வெயில் விழுந்த ஜன்னல் விளிம்பில் கிடத்தினார்.

"காயட்டும்மா."

இருவரும் காத்திருந்தார்கள். சொட்டு காய இவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை அன்றுதான் அவர் பார்த்தார். சும்மா இருக்க முடியாமல், தீவுக் கதையைச் சொன்னார். மூடியைக் கழற்றாமல் விட்டது, நெட்டை கரண்ட் கட்டு என்றது, அதன்பின் தூக்கிக் காட்டும் மூடியைப் பார்க்காமல் அவர் கிளம்பாதது.

"அதைச் சொல்லிச் சொல்லி இங்கயும் சிரிப்பார்," என்றார் அந்த அம்மா. "நான் குழம்புல உப்புப் போட மறந்தா, 'மூடி சமையல்'னு சொல்வார்ணே. கோச்சுக்காதீங்க."

"இதுல கோச்சுக்க என்னம்மா இருக்கு." அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தண்ணீர் போய்விட்டது. வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் நின்றது. அந்த அம்மா கண்ணாடியை எடுத்து, படத்தின்மேல் வைத்து, மெல்ல நகர்த்தினார். வட்டம் புள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெரிதும் சிறிதுமாக ஒரே ஜாடை.

அந்த அம்மா கண்ணாடியைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"அப்போ அங்க யாருமே இல்ல."

"இல்லம்மா. என் கைத்தப்பு அது. அவசரப்பட்டு காயவச்சுட்டேன்."

"கப்பல் திரும்பினப்போ அங்க உக்காந்து யாரும் பார்த்துக்கிட்டு இல்ல."

"சத்தியமா இல்லம்மா."

அப்போதுதான் அந்த அம்மா உடைந்து அழுதார். அழுகைக்கு நடுவில் சொன்னது மூடிக்கு முதலில் விளங்கவில்லை. "தினமும் இதுல அவர் கைய ஆட்டுறார்ணே. கப்பல் முதுகைக் காட்டிட்டுப் போகுது, இவர் கைய ஆட்டிக்கிட்டே இருக்கார். கண்ணை மூடினா அதேதான். கையே ஆட்டலைன்னா... போதும்ணே. அது போதும் எனக்கு."

புறப்படும்போது மூடி சட்டைப்பையிலிருந்து அந்தச் சிவப்பு ரப்பரை எடுத்து நீட்டினார். "அவர் விமானத்தோடது. திரும்பி வந்தா மாட்டணும். எனக்கு எங்க வைக்கிறதுன்னு தெரியலை."

அந்த அம்மா அதைக் கையில் வாங்கி, ரப்பரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே வச்சுக்குங்க. இதைப் பார்க்காம அவர் கிளம்ப மாட்டார்னு சொன்னீங்களே. மத்தவங்களும் பார்த்துட்டே போகட்டும்."

விடுப்பு முடிந்து கப்பல் கடலுக்குப் போனதும் முதலில் பறந்தவர் அந்த இளைய விமானி. சட்டையைப் பிடித்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூடி கண்ணாடியைக் கழுவி, ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்து, வெயிலுக்குச் சாய்ந்து நின்று தடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். இந்த விமானத்தின் மூடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நெட்டையின் மூடியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார். நிறம் வெளுத்து, ஓரம் தேய்ந்த பழைய ரப்பர் அது. பார்த்தாலே தெரியும்.

விமானி பார்த்தார். கட்டை விரல் உடனே எழவில்லை. எழும்வரை மூடி கையை இறக்காமல் நின்றார்.