பாடுகிற வரைக்கும் ராபினுடையது

எலி, எறும்பு, பனியன் பஞ்சு, வீட்டுக்கார பூவாத்தாளம்மா. இத்தனையையும் ஜெயித்துத்தான் என் தம்பி ராபின் தன் ஐந்து ஆம்பிளிஃபயர்களையும் காப்பாற்றி வருகிறான். இப்போதும் ஒன்றை மடியில் குப்புறக் கிடத்தி, அதன் முதுகிலுள்ள அலுமினியப் பற்களுக்கு நடுவே பெயிண்ட் பிரஷ்ஷை விட்டுப் பஞ்சு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

ஐந்தும் காருக்குள் வைக்கிற ஆம்பிளிஃபயர்கள். பதினைந்து, இருபது வருடம் பழையவை. கம்பெனி முதலாளிமார் பழைய காரை விற்கும்போது கழற்றிப் போட்டவை. ராபினிடம் கார் கிடையாது, சைக்கிள்தான். கட்டிலுக்கடியில் ஒரு லாரி பேட்டரியை வைத்து அதிலிருந்து கரண்டு கொடுக்கிறான்.

திருப்பூரில் எதைத் துடைக்கவும் கை தானாகக் கட்டிங் வேஸ்ட்டுக்கு, பனியன் வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிக்குத்தான் போகும். ராபின் அதைக் கிட்டே விடமாட்டான். "பஞ்ச வெச்சே பஞ்சத் துடைச்சா வெளங்குமா?" என்பான். அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறான். அதில்தான் துடைப்பு.

இவ்வளவு பவர் உள்ள பெட்டிகளை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கூடக் கேட்காமல் பாட்டுப் போடுவான். முதல் நாள் "ஊடு இடிஞ்சு போயிருமுங்க" என்று சண்டைக்கு வந்த பூவாத்தாளம்மா, "பாட்டு எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டாராம். அதற்குள் ராபின் ஒரு பாட்டைப் போட்டே முடித்திருந்தான்.

"பெறவு எதுக்குல இம்புட்டுப் பெருசு?" என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"எக்கா, சத்தம் வேற, பவர் வேற. பத்து டன் லாரில பத்தே பத்து முட்டைய ஏத்திட்டுப் போனா எப்படிப் போவும்? அலுங்காமப் போவும்லா?"

அந்தப் பத்து டன் லாரி, ஐந்திலும் பெரிய கறுப்புப் பெட்டி. முதலிபாளையத்தில் அவன் வேலை பார்க்கும் நிட்டிங் கம்பெனியின் முதலாளி ஆறுச்சாமி கொடுத்தது. கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "பாடற வரைக்கும் உன்றதப்பா. பாடலீன்னா கொண்டாந்து குடுத்துப்போடு. தோட்டத்து ஊட்டுல அழகுக்கு வெச்சுக்கறேன்." அதிலிருந்து ராபினை எங்கே பார்த்தாலும், "என்ன, எம்பட பெட்டி பாடுதா?" என்பார்.

"பாடுதுங்க முதலாளி."

"கெடவே கெடாதா அது?" என்று சிரிப்பார்.

போன வருடம் அது கெட்டது. இடது பக்கம் பாடியது, வலது பக்கம் ஊமை. ராபின் பொய் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து யார் கேட்கப்போகிறார்கள்? அவன் நேரே போய்ச் சொல்லிவிட்டான். "ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க முதலாளி."

"ஞாயித்துக்கெழம நானே வண்டி கொண்டாறேன்" என்றாராம் அவர், சந்தோஷமாக.

பல்லடத்து மெக்கானிக் சாமியப்பனிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். மற்ற நான்கையும் திறந்து வேலை பார்த்தவர் அவர்தான். திறந்த பெட்டியின் மூடியில், உள்பக்கமாகத் தன் பெயரும் தேதியும் எழுதுவது அவர் பழக்கம். கறுப்புப் பெட்டியை அவர் தொடவில்லை. "ஆறுச்சாமி ஊட்டுப் பொருளு. எம்பேர எழுதிப்போட்டு, நாளைக்கு மறுக்காக் கெட்டா எம்பட சட்டையப் புடிப்பாரு. வேண்டாங் கண்ணு."

அந்த வாரம் முழுவதும் ராபின் ஒரு செத்த டிவியின் போர்டை வைத்துக்கொண்டு ஈயம் உருக்கி ஒட்டிப் பழகினான். சூடு கொஞ்சம் கூடினாலும் போர்டிலுள்ள செம்புக்கோடு உரிந்து வந்துவிடும். டிவியில் எட்டு இடத்தில் உரித்தான். பெட்டியில் ஒரே இடத்தில் உரிந்தாலும் அதோடு சரி.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்தான். நான் டார்ச் பிடித்தேன். மூடியின் உள்பக்கம் சுத்தமாக இருந்தது, யார் கையும் படாதது. போர்டில் ஒரு சின்னக் கண்டென்சர் ஒழுகி, செம்புக்கோட்டை அரித்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தான். அரித்துப்போன இடத்தில் முடி மாதிரி ஒரு கம்பியை வைத்து ஈயத்தால் ஒட்டினான். 

இன்னும் பேட்டரி கொடுக்கவில்லை, வாசலில் ஹாரன் சத்தம்.

"எடுத்து வெய்யப்பா, டிக்கி தொறந்துதான் இருக்குது" என்றபடி ஆறுச்சாமி உள்ளே வந்தார்.

"ஒரு நிமிஷம் முதலாளி" என்று ராபின் பேட்டரியில் ஒயரை வைத்தான்.

முதலில் இடது பக்கம் வந்தது. பிறகு வலது பக்கமும், மெதுவாக. ஆறுச்சாமி வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் குனிந்து நின்றார். பாட்டு முடிகிற வரை நிமிரவில்லை.

"எங்காருல கூட இப்படிப் பாடலையே!"

"உங்க டிரைவர் சத்தமா வெச்சிருப்பாருங்க" என்றான் ராபின்.

"அவனில்ல, நாந்தான் வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டே போய் டிக்கியை அடித்துச் சாத்தினார்.

வண்டி போன பிறகு ராபின் மூடியை எடுத்தான். திருகாணிகளைக் கையில் அள்ளியவன், திரும்பக் கீழே வைத்தான். "எக்கா, உங்க செக்கிங் பென்சிலக் குடுங்க" என்றான். பனியனில் ஓட்டை கண்ட இடத்தைக் குறிக்க என் கம்பெனியில் கொடுத்த பென்சில் அது. மூடியைத் தொடைமேல் கவிழ்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். ராபின். அதற்குக் கீழே, 14.10.2007.