டீ டைமில் வந்த குழந்தை

பெருமாநல்லூர்ப் பக்கம் நான் ஒன்றாம் வகுப்பு எடுத்த பள்ளிக்கூடத்தில் திடீரென்று ஒரு சட்டம் வந்தது. பிரேயர் முடிந்ததும் கேட்டைப் பூட்டிவிட வேண்டும். பிள்ளைகள் ஒழுங்காக வருவதில்லை என்று மேலிருந்து தலைமையாசிரியருக்குக் குடைச்சல். "ஒரு நாள் வெளிய நின்னாத்தானுங்க டீச்சர், மறுநாள் நேரத்துக்கு வருவாங்க" என்றார். ஆறு வயதுக்கு ரோசம் ஊட்டுகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வகுப்பில் ஒரு சிறுமி டீ டைமில்தான் வருவாள். அவளுடைய அம்மா தெற்கத்திப் பக்கம். பனியன் கம்பெனியில் டெய்லர். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பள்ளி திறக்கும் முன்பே ஷிப்ட் தொடங்கிவிடும். லாரி ஓடும் ரோட்டில் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். அதனால் கம்பெனியில் மற்றவர்கள் காலை டீ குடிக்கிற நேரத்தில் வீட்டுக்கு ஓடி, பிள்ளையைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, மறுபடி கம்பெனிக்கு ஓடுவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

கேட்டைப் பூட்டத் தொடங்கியபின் சிறுமி வரவேயில்லை. ஒரு மத்தியானம் தேடிப் போனேன். ஒரே வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று; வெளியே பூட்டு தொங்கியது. உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யூனிஃபார்மில் நின்றாள். தினமும் அவளே போட்டுக்கொள்வாளாம்.

சாப்பாடு கொடுக்க வந்த அம்மாவிடம் சத்தம் போட்டேன். பிள்ளையை இப்படியா அடைத்துவைப்பது என்று.

"பூட்டின கேட்டுல நிப்பாட்டிட்டு நான் எப்படி டீச்சர் மிஷின்ல உக்காருவேன்? எங்க கம்பெனியிலயும் இதே சட்டந்தான். லேட்டுன்னா அன்னைக்கு லீவு, பேசாம திரும்பிப் போயிரணும். புள்ளைக்கும் சொல்லிக் குடுத்துட்டேன்."

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சண்டை போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் பூட்டை எடுத்தார். மறுநாளே கூட்டிவாருங்கள் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் டீ டைம் முடிந்து வெகு நேரமாகியும் காணோம். மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். கேட் அகலத் திறந்து கிடந்தது. சிறுமி வெளியே, சுவரோரம், புழுதிக்குள் நின்றாள். அம்மா விட்டுவிட்டு எப்போதோ ஓடியிருந்தார்.

"கேட்டு தொறந்துதான கண்ணு இருக்கு? உள்ள வா."

"லேட்டு டீச்சர். நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். என்ன சமாதானம் சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாயங்காலம் பெல் அடிக்கும்வரை அவள் தோளிலிருந்து பையை இறக்கவேயில்லை.