சாலமோன் ஐயா வீட்டு நற்கருணை

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் முதலில் அப்பாவைத்தான் கேட்பார்கள். "ஆயர் ஐயா இருக்காங்களா?" அப்பா உள்ளே திரும்பி, "உன்னைத்தான்" என்பார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவாள். வந்தவர் அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மறுபடியும் அப்பாவைப் பார்த்தே விஷயத்தைச் சொல்லுவார்.

அப்பா அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வரி, அதற்குமேல் அவருக்கு ஜெபம் வராது. ஒருமுறை அம்மா வெளியே போயிருந்த நேரத்தில், புது ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய ஒருவர் ஜெபம் செய்யாமல் நகர மாட்டேன் என்று நின்றார். பொறுத்துப் பார்த்த அப்பா ஆட்டோவின் மேல் கையை வைத்து, "நல்லா ஓடட்டும்" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அடுத்த வாரமே அது ரயில்வே கேட்டில் இடித்துக்கொண்டது. பழி அம்மா தலையில் விழுந்தது.

'ஆயரம்மா' என்றால் ஆயருடைய மனைவி என்றுதான் ஊருக்குத் தெரியும். அம்மாவேதான் ஆயர் என்பதைப் பால்காரரிலிருந்து பள்ளி ஆசிரியை வரை எல்லோருக்கும் விளக்கி விளக்கி எனக்கே வாய் வலித்தது.

அம்மா சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் விவசாயம் செய்த குடும்பத்தில் பிறந்தவள். கல்லூரி முடித்து இறையியல் படித்தாள். கூடப் படித்த ஆண்களெல்லாம் குருப்பட்டம் வாங்கி ஆளுக்கொரு சபைக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு ஞாயிறு பள்ளியும் பெண்கள் கூட்டமுமாகவே வருஷங்கள் போயின. கேட்டால், "சபை இன்னும் தயாராகலம்மா" என்பார்களாம். நான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் பட்டம் கிடைத்தது. அதோடு கிடைத்த சபைதான் விருத்தாசலம். ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம், களிமண் லாரிகள் போகிற ரோட்டில் கோயில். வாரம் முழுக்கப் பெஞ்சு துடைத்தாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பில் புழுதி ஒட்டும்.

முதல் பெஞ்சில் உட்காருகிறவர் சாலமோன் ஐயா. பீங்கான் தொழிற்சாலையில் சூளை மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுப் பாடினால் ஆர்மோனியம் கேட்காது. அம்மாவைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. வீட்டு மரத்து முருங்கைக்காயை எங்களுக்குக் கட்டுக்கட்டாக அனுப்புவார். ஆனால் நற்கருணை நேரத்தில் அம்மா அப்பத்தைக் கையில் எடுத்ததும் எழுந்து பக்கவாசல் வழியாகப் போய்விடுவார். கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் மனைவியும் பின்னாலேயே போவார். மாதத்தில் ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் பெண்ணாடம் போய், அங்கே ஆண் ஆயர் கையால் வாங்கிக்கொண்டு வருவார். அதற்கு மட்டும் அவர் தனியாகத்தான் போவார். மனைவிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. ஏறி உட்கார்ந்த உடனே வாந்தி.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முழுக்க சாலமோன் ஐயா பேச்சுதான். அம்மா அவரை வேதபாடம் வாசிக்க வைத்துப் பார்த்தாள். ஒழுகுகிற கூரைக்கு அவரிடமே யோசனை கேட்டாள். அவர் கணீரென்று வாசித்தார், ஆள் விட்டுக் கூரையையும் சரிசெய்தார். நற்கருணை நேரம் வந்ததும் எழுந்து போனார். பக்கவாசலைப் பூட்டிவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் சாலமோன் ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பஸ் ஏற வழியில்லை. பெண்ணாடம் ஆயருக்குப் போன் போட்டாராம். "உங்க சபைக்குத்தான் ஆயர் இருக்காங்களே" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

பெரிய வெள்ளி முடிந்த மறுநாள் சாலமோன் ஐயா மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஈஸ்டருக்கு வாங்காம இருக்க முடியலன்றாரும்மா. நீங்க வூட்டுக்கு வந்து ஜெபம் பண்ணுங்க. அப்பத்த மட்டும் சாரு கையில குடுத்து..."

அப்பா விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொல்லி அம்மா அவரை அனுப்பினாள். அதற்கப்புறம் அடுப்படியில் பாத்திரங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. "என் கை என்ன பண்ணிச்சு இவருக்கு?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்குச் சட்னியில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

ஈஸ்டர் மதியம், பிரியாணியைத் திறக்கக்கூட விடாமல் எங்களை ஆட்டோவில் ஏற்றினாள் அம்மா. வெயில் கொளுத்தியது. மடியில் அப்பமும் திராட்சை ரசமும் வைத்த சின்னப் பெட்டி. சாலமோன் ஐயா வீட்டு வாசலில், தொழிற்சாலையில் கழித்துப்போட்ட மின்கம்பத்துப் பீங்கான்களைப் பூச்செடிக்கு வரப்பாக நட்டிருந்தார்கள். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

அம்மா அங்கி போட்டுக்கொண்டு, ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, ஆராதனையை முழுக்க வாசித்தாள். படுத்தபடியே அவர் ஒரு பதில்கூட விடாமல் சொன்னார். அம்மா அப்பத்தை எடுத்ததும், "சாரு குடுக்கட்டும்மா" என்றார்.

"ஐயா, அவர் கணக்கு வாத்தியார்" என்றாள் அம்மா. "படிக்கிறது நான்னா குடுக்கிறதும் நான்தான். வேணாம்னா சொல்லுங்க, வருத்தமில்ல. ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டு வரேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. ஆனால் கை போர்வைக்குள்ளேயே இருந்தது. அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்குப் பசியில் கோபம் கோபமாக வந்தது. அம்மா அப்பத்தைத் தட்டில் திருப்பி வைக்கப் போனாள்.

அப்போது அடுப்படி வாசலில் நின்றிருந்த அவர் மனைவி வந்து, கட்டிலுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் முழங்கால் போட்டார். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார்.

"எனக்குக் குடுங்கம்மா. நீங்க வந்ததுலேர்ந்து நான் வாங்கவே இல்ல."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"எந்திரி" என்றார் சாலமோன் ஐயா மெதுவாக. அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அவர் கையில் அப்பத்தை வைத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஞாயிறுதோறும் தடங்கலில்லாமல் சொல்கிற வார்த்தைகள் அன்றைக்குப் பாதியில் உடைந்து, திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் இடுப்பு தேறி, கைத்தடியோடு சாலமோன் ஐயா மறுபடியும் பெண்ணாடம் பஸ் ஏறினார். கடைசிவரைக்கும் அம்மா கையால் வாங்கவே இல்லை. பக்கவாசல் வழியாக மட்டும் அதன்பிறகு அவர் தனியாகத்தான் போனார்.

ஆனால் அன்றைக்கு, திரும்பி வருகிற ஆட்டோவில், நாங்கள் தோற்றுவிட்டு வருகிறோம் என்றுதான் நான் நினைத்தேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அழுதாள், நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். இத்தனை பாடுபட்டும் காரியம் நடக்காதபோது இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"அவர் வாங்கவே இல்லையேம்மா" என்றேன்.

"யாரு?" என்றாள் அம்மா.

ஆட்டோ சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் பெயரைச் சொல்லி இன்னும் உரக்கக் கேட்டேன்.