ஆடி மூன்றாம் வெள்ளியில் மங்களேஸ்வரி கொடுத்த வார்த்தை

"ஆடி, மூன்றாம் வெள்ளி. மதியம். கயலுக்கு வலி குறையவில்லை. மாப்பிள்ளையிடமிருந்து தகவல் இல்லை. அம்மன் நடை சாத்தியிருக்கிறது."

சென்ற ஆண்டு என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இருப்பது இவ்வளவுதான். கல்லூரிக் காலத்திலிருந்து விடாமல் எழுதி வருகிறேன். மழை பெய்தது, கண்மாய் பெருகியது, வாசித்த புத்தகம், ஊரில் நடந்த நல்லது கெட்டது என்று பக்கம் நிறைய எழுதுகிறவள் நான். அன்றைக்குக் கை ஓடவில்லை. எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். அம்மனை நம்புகிற உங்கள் முன்னால் அதைச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

எங்கள் ஊர் உத்தரகோசமங்கை, மங்களேஸ்வரி அம்மன் குடியிருக்கும் ஊர். கயல்விழி எங்களுக்கு ஒரே பெண். மாப்பிள்ளை சரவணனுக்கு ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். நெல் விவசாயக் குடும்பம். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர் அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்று, அந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். கல்யாணமான மறு வருஷம் ஜெர்மனியில் இருக்கும் ராணுவக் குடியிருப்புக்கு மாற்றலானார். கயலும் கூடப் போனாள்.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் கிடையாது. ஆனால் எங்களுக்குத் தெரிந்த பட்டாளத்து வாழ்க்கை வேறு. ஆண்பிள்ளை எல்லையில் இருப்பான். பெண்டாட்டி ஊரில், சொந்தபந்தத்துக்கு நடுவில் இருப்பாள். இவள் இருந்த இடத்தில் சொந்தம் என்று ஒருவர் இல்லை. புருஷன் பயிற்சிக்குக் கிளம்பிவிட்டால் நான்கு சுவரும் போனும்தான்.

ஆடி பிறந்தபோது கயலுக்கு ஐந்தாம் மாதம். சரவணன் பக்கத்து நாட்டுக் காட்டுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள் கயலுக்கு வயிற்றின் வலது பக்கம் வலி கண்டது. போனில் எங்களிடம் சொன்னாள். சூட்டு வலி என்று நாங்களே முடிவு கட்டினோம். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னேன். அவள் மாமியார் தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னார். சொன்னதையெல்லாம் செய்தாள். விடிந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு ரோஸாதான் அவளைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனவள். அவளும் ஒரு சிப்பாயின் மனைவி, மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அதுவரை இரண்டு பேருக்கும் வாசலில் பார்த்தால் சிரித்துக்கொள்கிற பழக்கம் மட்டும்தான்.

மருத்துவர்கள் குடல்வால் அழற்சியாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பதால் எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அந்த அறைக்குள் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வளையலைக் கழற்றினாள். தோட்டைக் கழற்றினாள். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று காலையிலேயே சம்பந்தி பஞ்சவர்ணம் ஆடி வெள்ளிக்கு அம்மனைக் கும்பிட எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன். போனில் கயலின் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. கழற்று தாயி என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மதினி முந்திக்கொண்டார்.

"என் புள்ள எந்தக் காட்டுல கெடக்கானோ. அத மட்டும் கழட்டிராத தாயி."

கயல் தலையை ஆட்டினாள். அவள் மனதிலும் அந்தப் பயம்தான் இருந்தது. மாமியார் வாயால் கேட்டதும் அது கெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"அவரு எங்க இருக்காருன்னே தெரியாம எப்படிம்மா கழட்டுவேன்? அவரு குரலக் கேக்கட்டும். ஒடனே கழட்டுறேன்."

மருத்துவர்கள் அவளை வற்புறுத்த முடியாது, சம்மதம் இல்லாமல் செய்யவும் முடியாது என்று ரோஸா சொன்னாள். அறுவைச் சிகிச்சை என்று முடிவானாலும் கழுத்தில் கிடப்பதைக் கழற்றத்தான் வேண்டுமாம். குடல்வால் உள்ளே வெடித்துவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

சரவணனின் குரலை எங்கே போய்த் தேடுவது? என் கணவர் ராமநாதபுரத்துக்கு ஓடினார். முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில், நம் நாட்டுப் படைக்காரர்கள் விஷயம் என்றால் உதவலாம், இது வேற்று நாட்டுப் படை என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்கள். வெளியே நின்ற ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் விவரம் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை எந்த யூனிட், அவருக்கு மேலதிகாரி யார், படை வெளியே போனால் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள ராணுவக் குடியிருப்பில் விட்டுப்போகும் அலுவலகத்தின் எண் என்ன என்று. இவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கயலிடமும் அந்த எண் இல்லை; ரோஸாவின் கணவருக்கோ வேறு யூனிட்.

"ஏண்ணே, யூனிட் பேரு தெரியாமலா பொண்ணக் கொடுத்தீக?"

என் கணவர் போனில் இதை என்னிடம் சொன்னார். உண்மைதான். சரவணனின் நட்சத்திரம், பாதம், லக்னம் எல்லாம் இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பேன். செவ்வாய் எந்த வீட்டில் என்று சொல்வேன். என் பெண்ணுக்கு உயிர்போகும் நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் உட்கார முடியவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். மதினியும் பின்னாலேயே வந்தார். உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம்தான் திறப்பார்கள். கோபுரத்து நிழலில், மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். எனக்கு மதினியின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்த வாய்தானே அப்படிச் சொன்னது என்று நெஞ்சு கொதித்தது.

நான் கொஞ்சம் வாசித்தவள். தாலி எப்போது வந்தது, எந்த நூலில் அதைப் பற்றி என்ன இருக்கிறது, அறிஞர்கள் என்ன வாதாடினார்கள் என்பதெல்லாம் தெரியும். போனில் அதையும் கயலிடம் சொல்லிப் பார்த்தேன். வலியில் துடிக்கிறவளிடம் ஆராய்ச்சி பேசினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் உதிர்ந்து போயிற்று.

அப்போதுதான் வேண்டினேன். நேர்ந்துகொள்ளவில்லை. பேரம் பேசுகிற தெம்பு இல்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் சொன்னேன். தாயே, நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். யார் சொன்னால் கேட்பாளோ அவர்கள் வாயில் நீ வந்துவிடு.

மாப்பிள்ளையின் குரலைத்தான் மனதில் நினைத்துச் சொன்னேன். போன் எந்த நொடியும் அடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கவில்லை. கயலின் போனிலிருந்து ரோஸாதான் வீடியோவில் வந்தாள். கயலுக்குக் காய்ச்சல் ஏறுகிறது, மருத்துவர் மறுபடியும் வந்து பேசிவிட்டுப் போனார் என்றாள். கட்டிலில் கயல் தாலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி சுருண்டு கிடந்தாள். என் பிள்ளை என் கண் முன்னால் போகப்போகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றும் முழுதாக எழுத முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார். சரவணன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதைப் பற்றி மதினி ஒருநாளும் எங்களிடம் பேசியதில்லை.

"ஏத்தா கயலு, இங்கன பாரு. ஒங்க மாமா போன அன்னைக்கு என் கழுத்துல தாலி கெடந்துச்சு. கல்யாணமான நாள்ல இருந்து ஒரு நாளும் நான் கழட்டுனதில்ல. அது அவுகள நிப்பாட்டி வைக்கல." போனைக் கோயில் கதவுப் பக்கம் திருப்பினார். "என் புள்ள உசுரு ஒன் கழுத்துல இல்லத்தா. இந்தா, இந்தக் கதவுக்கு அங்கிட்டு இருக்காளே, அவ கையில இருக்கு. பெத்தவ நான் சொல்றேன். கழட்டு."

கயல் கண்ணைத் திறந்தாள். வெறுங்கழுத்தா எப்படி அத்தை என்று முனகினாள்.

"வெறுங்கழுத்தா யாரு இருக்கச் சொன்னா? நாளைக் கழிச்சு ஆடிப்பெருக்கு. கயிறு மாத்துறப்ப எப்படி மாத்துவோம்? புதுசக் கட்டிட்டுத்தான பழசக் கழட்டுவோம். கட்டிட்டுக் கழட்டு."

ஆடிப் பதினெட்டுக்கு வருஷந்தோறும் நானே செய்கிற காரியம். அது எனக்குத் தோன்றவில்லை. அந்த வார்த்தை என்னிடமிருந்து வரவில்லை, சரவணனிடமிருந்தும் வரவில்லை. காலையில் தடுத்த அதே வாயிலிருந்து வந்தது.

என் ஆங்கிலம் வாசிக்கிற ஆங்கிலம். பேச்சில் தடுக்கும். அன்று தடுக்கவில்லை. ரோஸாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நர்ஸிடம் காயத்துக்குக் கட்டும் துணிச்சுருளில் ஒரு நீளம் வாங்கித் திரித்தாள். மஞ்சள் இல்லை. கயலின் கைப்பையில் அம்மன் குங்குமப் பொட்டலம் இருந்தது. அதை நனைத்துத் துணியில் தடவினாள். விரலெல்லாம் சிவப்பாகிவிட்டது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, கயலின் கழுத்தில் முடிச்சுப் போட்டாள். அந்த நேரத்தில் மதினி எழுந்து தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கைம்பெண் பார்க்கக் கூடாதாம்.

"அத்தையக் கூப்பிடும்மா," என்றாள் கயல். "அவுக பாக்கட்டும்."

மதினி வந்து பார்த்தார். அவர் பார்த்திருக்கும்போதுதான் கயல் தாலிக்கொடியைக் கழற்றி ரோஸாவின் கையில் கொடுத்தாள். அதோடு கயலின் போன் அணைந்துவிட்டது.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. ஸ்கேன் ஆயிற்றா, கத்தி வைத்தார்களா, ஒன்றும் தெரியாது. வேறு எண் எங்களிடம் இல்லை. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. நடை திறந்தார்கள். உள்ளே போய் மங்களேஸ்வரி முன்னால் நின்றோம்.

சாயரட்சை தீபாராதனை முடிந்து பிராகாரத்துக்கு வந்தபோது போன் அடித்தது. சரவணன்.

"அத்தை, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. நான் வண்டியில வந்துக்கிட்டு இருக்கேன்."

மதினி கோயில் தரையிலேயே விழுந்து கும்பிட்டார். குடல்வால் வெடிக்கும் தறுவாயில் இருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று மருத்துவர் சரவணனிடம் சொன்னாராம். மார்கழியில் கயலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

அந்த வெள்ளிக்குப் பிறகு நான் பழைய ஆளாக இல்லை. அம்மனிடம் போய் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்பது குறைந்துவிட்டது. எனக்குப் பிடிக்காத வாயிலிருந்தும் அவள் பேசுவாள் என்று தெரிந்துகொண்டதால் பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறேன். மதினியும் நானும் வெள்ளிதோறும் பேசிக்கொள்கிறோம்.

பிள்ளைகளைப் பட்டாளத்தோடு வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்மார்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நம்பிக்கையோடு சேர்த்து இதையும் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையின் யூனிட் பெயரைக் கேட்டு வாங்குங்கள். படை வெளியே போகும்போது குடும்பங்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்று அவர்கள் குடியிருப்பில் இருக்கும். அதன் எண் உங்கள் பெண்ணிடமும் இருக்கட்டும், உங்களிடமும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரியை அவள் வாசலில் பார்த்துச் சிரிப்பதோடு விடாமல் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடட்டும். அங்கே உடம்புக்கு ஒன்றென்றால் நாம் இங்கிருந்து சூடு, வாய்வு என்று வைத்தியம் பார்க்க வேண்டாம். முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவள் பெட்டியில் நூலில் திரித்த மஞ்சள் கயிறு ஒன்றும் இருக்கட்டும். வழி தெரியாமல் நிற்கும் நேரம் இதற்கெல்லாம் மேலேயும் வரும். அப்போது மங்களேஸ்வரியிடம் போங்கள். கதவு சாத்தியிருந்தாலும் போய் உட்காருங்கள். அவளுக்குக் கேட்கும்.

ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. கயல் தாலியைக் கழற்றச் சம்மதிப்பதற்கு முன்பே சரவணனின் அதிகாரிக்குத் தகவல் போய், காட்டிலிருந்து அவரை அழைத்துவர வண்டி கிளம்பிவிட்டது. யார் சொன்னது என்று சரவணன் விசாரித்தார். ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னதாகக் குடும்பங்களைக் கவனிக்கும் அந்த அலுவலகத்தில் இருந்தவர் சொன்னாராம், பெயர் குறித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டது தாங்கள் இல்லை என்கிறார்கள் ரோஸாவும் கயலும். மருத்துவமனையில் கேட்டதற்கும் தெரியாது என்றுதான் பதில். அது யார் என்று கேட்கவும் வேண்டுமா என்கிறார் மதினி. அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் கூப்பிட்ட பெண் யார் என்பது, இதை எழுதும் நாள்வரை, உறுதி செய்யப்படவில்லை.