சதுரக் காசின் வளையம்

பக்கத்துத் துணிக்கடை அண்ணாச்சியின் மகளுக்கு மேஷ ராசி. அதனால் ஆட்டுக்குட்டி பொறித்த ஒரு சதுரப் பொற்காசு, சின்ன வயதிலிருந்தே மூலையில் ஒட்டிய சிறு வளையத்தால் அவள் சங்கிலியில் தொங்கியது. அண்ணாச்சியின் தாத்தா கொழும்பில் வியாபாரம் செய்தபோது வாங்கியதாம். வியாழக்கிழமை பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. தன் தாலியில் அந்தக் காசு சேர வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

செவ்வாய் மாலை 5.40க்கு, பழங்காசுகளுக்குக் குறிப்பேடு வைத்திருக்கும் நான் உருக்குமுன் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும் என்று அண்ணாச்சி காசைக் கொண்டுவந்தார். மகளும் கூட வந்தாள். லென்ஸை வைத்தேன். உலக உருண்டை மேல் ஆடு. அதன் தோளில் கொடி. என் நாணயப் புத்தகத்தில் அச்சு அசலாக அதே படம்: ஜெர்மனி, நியூரம்பர்க் நகரத்து டுகாட் என்ற பொற்காசு, 1700.

“உருக்கிராதீங்க அண்ணாச்சி! முந்நூறு வருசத்துச் சாமான்!”

“அப்ப என் தாலிக்கு?” மகளின் முகம் சுருங்கியது. “இத்தனை வருசம் என் கழுத்துல கெடந்தது, இனி பீரோவுல கெடக்கணுமாக்கும்?”

புதன் காலை அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 1700 என்று பொறித்த அந்த அச்சிலேயே அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் புதிதாகக் காசு அடித்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூடத் தேதியை இரண்டு முறை சரிபார்க்கும் நான், பக்கத்தைப் புரட்டாமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

வியாழன் காலை, ஆசாரி அடுப்பு மூட்டும்போது போய் உண்மையைச் சொன்னேன்.

“இப்ப உருக்கவா, வேண்டாமா? ஒண்ணச் சொல்லும் வே,” என்றார் அண்ணாச்சி.

“பழசுதான் அண்ணாச்சி. எந்த வருசம்னுதான் தெரியல.”

“முகூர்த்தத் தேதியாவது தெரியுமாவே?”

சிரித்துக்கொண்டே ஆசாரி காசை இடுக்கியால் தூக்கினார். “மூலையில பத்தவச்ச இந்த வளையம் நம்ம ஊரு வேல. சடங்குக்கு இந்தப் பொட்டுப் பொன்னு போதும். மத்ததுக்குப் புதுப் பவுனு இருக்குல்லா?”

எல்லோரும் மகளைப் பார்த்தோம்.

“இத்தன வருசமும் காச விழாமப் பிடிச்சிருந்தது வளையந்தான. அதப் போடுங்க,” என்றாள் அவள். “ஆடு வீட்டுல நிக்கட்டும். எனக்கு மேஷத்துல பிள்ள பொறந்தா வந்து வாங்கிக்கிடுதேன்.”

அது மேஷமல்ல, சமாதானக் கொடி பிடித்த, இயேசுவைக் குறிக்கும் வேறோர் ஆடு என்பதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

என் குறிப்பேட்டில் உள்ளது இவ்வளவுதான்: காசு அடித்த ஆண்டு, தெரியாது. வளையம் கழற்றியது, வியாழன், காலை 10.05. நேரில் பார்த்தேன்.