செத்தவர் முகத்தில் ஒட்டிய கச்சேரி

ஹாம்பர்க் நகரத்தில் சுவரொட்டிகளுக்கென்றே தெருமுனைகளில் குண்டுத் தூண்கள் நிற்கின்றன. ஒப்பந்தக்காரரின் ஆள் ஏணியோடு வருவார். தேதி முடிந்த பழைய சுவரொட்டியின் மேல் எங்கள் இசைக்குழுவின் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருவரும் அடிக்க வருவதில்லை. முதல் தடவை அவர் ஒட்டும்போது நான் சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டு ஓடத் தயாராக நின்றேன். "அடியில் இருப்பவரின் ஆட்கள் வரமாட்டார்களா?" என்று என் ஓட்டை ஜெர்மனில் கேட்டேன். அவர் தூணைத் தட்டிக் காட்டி, "நைன், நைன்" என்று மறுத்து, "உள்ளே யாரும் இல்லை" என்றார். அன்றிலிருந்து என்னிடம் குழந்தையிடம் பேசுவதுபோல் நிதானமாகப் பேசுகிறார்.

மனைவிக்கு இங்கே துணி இறக்குமதி கம்பெனியில் வேலை கிடைத்தது. அவளுடைய லக்கேஜோடு நானும் வந்திறங்கி, மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குழு ஒன்றுக்கு விளம்பரம் செய்பவன் ஆனேன். முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். அதில் பாதி என் இடது காதில் இருப்பதைச் சொல்லவில்லை.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் திருப்பூரில் பகலில் பனியன் கம்பெனி, மாலையில் ஒரு சங்கீத சபாவுக்கு விளம்பரம் என்று என் பிழைப்பு ஓடியது. சபா என்றால் எட்டுப் பேரும் ஒரு ஜமுக்காளமும். சாமளாபுரத்துத் தறிக்காரர் மகள் தேவகிக்கு முதல் கச்சேரி ஏற்பாடானபோது அவள் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒண்ணுதானுங்க. மண்டபம் நெறைஞ்சா பாடட்டும். இல்லீன்னா பனியன் தைக்கற ஓவர்லாக் மெஷின்ல ஒக்காரட்டும்." ஆக, ஒரு பெண்ணின் பாட்டு என் மைதாப் பசை வாளிக்குள் இருந்தது.

சுவர்களில் இடமில்லை. கட்சிக்காரர்கள் அடுத்த தேர்தல்வரை எழுதிப் பிடித்து வைத்திருந்தார்கள். மிச்ச இடமெல்லாம் 'டெய்லர் தேவை'. ஒயின்ஷாப் வாசலில் வெட்டுப்பட்டுச் செத்த ஒருவரின் கண்ணீர் அஞ்சலி மட்டும் முதலிபாளையத்திலிருந்து பூண்டிவரை மீசையோடு சிரித்தது. கட்சிக்காரன் அடிப்பான், செத்தவர் எழுந்து வரமாட்டார் என்று கணக்குப் போட்டேன். அடியில் நான்கு தம்பிகளின் பெயர்கள் இருந்தன. எழுத்து அழகாக இருக்கிறதே என்று ரசித்தேனே தவிர, தம்பிகளுக்குக் கைகால் இருக்கும் என்று தோன்றவில்லை. எங்கள் சுவரொட்டி சின்னது. முகத்தை மட்டும் கச்சிதமாக மூடியது. விடிந்ததும் ஊர் பார்த்தது: மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் தேவகியின் சிரிப்பு, கீழே 'பிரிவால் வாடும் தம்பிகள்'. அவள் வீட்டுக்கு இரண்டு மாலைகள் வந்துவிட்டன.

மண்டபம் நிறைந்தது. செத்துப்போன பெண் எப்படிப் பாடுவாள் என்று பார்க்கப் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டில் இரும்புப் பைப்புகளோடு தம்பிகள் வந்தார்கள்.

"ஏனுங்க, போஸ்டர் ஒட்டுனது நீங்கதானுங்களா?" என்றார் மூத்தவர்.

"ஆமாங்க."

"ஒட்டறதுக்கு எங்கண்ணன் மூஞ்சிதான் கெடைச்சுதுங்களா?"

"வேற எடமில்லீங்..."

'க' வருவதற்குள் அறை விழுந்தது. இடது காதில் ஏதோ கிழிந்து, கழுத்தில் ரத்தம் சூடாக இறங்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டேன். "கையை எடுங்க" என்று சொல்லிவிட்டு வாயில் குத்தினார்கள். இத்தனை மரியாதையோடு உதைபட்டவன் வேறெவனும் இருக்கமாட்டான். என் இரண்டு பற்கள் ஜமுக்காளத்தில் கிடந்தன. மிருதங்கத்தை மிதித்துக் கிழித்தார்கள். கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது. தேவகி மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மண்டபம் காலியாகிவிடும் என்று இன்னும் உரக்கப் பாடினாள். "போதும் கண்ணு, எந்திரி!" என்று அவள் அப்பா கத்தினார். ஒரு பைப் தம்புராமேல் இறங்கியது. அதைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டின்மேலும். எலும்பு முறிந்த சத்தத்தை என் நல்ல காது கேட்டது. பாட்டு பாதி வரியில் நின்றது.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே வந்து அவள் அப்பா சொன்னார்: "நெறையத்தான் நெறைஞ்சுதுங்க. ஆனாப் போதுமுங்க." மாவுக்கட்டு பிரித்ததும் அவளை மெஷினில் உட்காரவைத்தார்.

போன மாதம் போன் செய்தேன். "இப்பவும் பாடறயா தேவகி?"

"மெஷின் சத்தத்துல பாடுனா ஆருக்கும் கேக்காதுங்ணா. நெறையப் பாடறனுங்க."

இங்கே கச்சேரிகளில் நான் எப்போதும் இடது ஓரத்தில் உட்காருகிறேன். பியானோக்காரரின் விரல்களைப் பார்க்கத்தான் என்று அலுவலகத்தில் பாராட்டுகிறார்கள். வலது காதுக்கு மேடை வேண்டுமே! செத்த காதிலோ ஓயாத ஓர் இரைச்சல்; வரிசையாக ஓவர்லாக் மெஷின்கள் ஓடுவதுபோல. ஊரே எழுந்து கைதட்டும்போது நான் வலது காதைப் பொத்திக்கொள்கிறேன். அந்த இரைச்சலுக்குள் யாருக்கும் கேட்காமல் ஒருத்தி பாடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஓர் ஆள் கேட்க வேண்டுமல்லவா.